மேலே போனவர்களும் இரண்டாவது சிடியும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணி வரைக்கும் என் பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரியவராக இருந்த சித்தப்பா அவர்களுக்கு,

அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், போன வாரம் மாற்றிய குழாயும் நலம். நான் நலமில்லை. அங்கே சித்தியும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். உங்கள் நலத்தைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் யோசித்துச் சொல்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டேன். நான்கு தடவை எடுக்கவில்லை. இரண்டு தடவை "லிஃப்டுக்குள்ள இருக்கேம்மா, சிக்னல் இல்ல" என்றீர்கள். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து சிக்னல் இல்லை என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன முதல் மனிதர் நீங்கள்தான். ஏழாவது தடவை நான் "ரெண்டாவது சிடி" என்று ஆரம்பித்ததுமே சிரித்தீர்கள், சிரித்துக்கொண்டே வைத்துவிட்டீர்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கடிதம். இதை நீங்கள் பாதியில் வைத்தாலும் அது மேஜையிலேயே கிடக்கும், சித்தி எடுத்துப் படிப்பாள். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை மேலேயும் போகவிடாமல் கீழேயும் போகவிடாமல் ஓர் இடத்தில் நிறுத்திவைத்துத் திட்டுவதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதலில் வழக்கின் பின்னணி. நாங்கள் "நோண்டல்" என்று இணையத்தில் ஒரு பேச்சு நிகழ்ச்சி நடத்துவது உங்களுக்குத் தெரியும். நான் அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் காட்டியிருக்கிறீர்கள். ஒன்றையாவது கேட்டிருக்க மாட்டீர்கள், கேட்டிருந்தால் இரண்டாவது வாரமே உங்களுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கும். பழைய படம், பழைய சீரியல், பழைய பாட்டுத் தொகுப்பு என்று எதையாவது எடுத்துக்கொண்டு, ஊரே தலையில் வைத்து ஆடியதே, இன்றைக்கும் அது தாங்குமா என்று நோண்டிப் பார்ப்பதுதான் நிகழ்ச்சி. ஒலிப்பதிவுக் கூடம் என் துணி அலமாரி. கதவைத் திறந்து, தொங்குகிற துணிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினால் எதிரொலி வராது. ஆரம்பத்தில் நானும் ம்யூட்டும் மட்டும்தான். ம்யூட் என் வகுப்புப் பையன். எங்கள் முதல் நிகழ்ச்சியை நாற்பத்தேழு நிமிடமும் மைக்கை அணைத்து வைத்தே பதிவு செய்தான், அன்றைக்கு வந்த பெயர். அவன் சும்மாவே அதிகம் பேச மாட்டான், அதனால் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. பதிவும் வெட்டலும் ஒட்டலும் அவன். பேச்சு முழுக்க நான். படத்தை மறுபடியும் பார்க்கக் கூடாது, நினைவில் இருப்பதை வைத்துத்தான் பேச வேண்டும் என்பது அப்போது என் சட்டம். அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்றாள், நான் கொள்கை என்றேன். எனக்கு என்ன பயம்? ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பத்தோரு படம் பார்த்தவள் நான்.

அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தீர்கள். மதியம் சாப்பிட்டதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இரண்டு சிடியாக வரும் படத்தில் முதல் சிடியைப் போடுவீர்கள். அது ஓடி முடிந்து தட்டு வெளியே நாக்கை நீட்டும். நீங்கள் அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு ஏதோ துழாவுவீர்கள். அப்புறம் முகம் வாடும். எப்படி வாடும் தெரியுமா, ஒரு நடிகர் கெட்டார் போங்கள். "அடடா, ரெண்டாவது சிடில கீறல் விழுந்திருக்கேடா வாலு. ஓடாது. பரவால்ல, நான் பாத்த படந்தான், சொல்றேன் கேளு." சொல்வீர்கள். குரல் மாற்றி, கையை ஆட்டி, வில்லனுக்கு ஓர் இருமல் வைத்து, கதாநாயகி ஓடும்போது தலையணையை எடுத்துக்கொண்டு நீங்களே அறை முழுக்க ஓடி. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். சித்தப்பா, நாற்பத்தோரு படம். நாற்பத்தோரு இரண்டாவது சிடிக்கும் கீறல், ஒரே ஒரு முதல் சிடிக்குக்கூட இல்லை. இது ஏன் எனக்கு உறைக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வயது ஆறு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இதன் பலன் என்ன என்று கேளுங்கள். "நோண்டல்" மூன்றாவது நிகழ்ச்சியில் நான் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டேன். அந்தக் காலத்துப் படங்களில் லிஃப்ட் என்பது வெறும் லிஃப்ட் கிடையாது, குறியீடு. ஒரு படத்தில் பிரிந்துபோன கணவனும் மனைவியும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்றில் வில்லன் தனியாக மாட்டிக்கொண்டு, இருமி, அழுது, திருந்துகிறான். கப்பலில் நடக்கிற படத்தில் கப்பலுக்குள் லிஃப்ட். எல்லாவற்றிலும் கடைசியில் காக்கிச் சட்டை போட்ட, மிக அழகான, மிக நல்லவரான ஒரு மெக்கானிக் வருகிறார். மேலே மெஷின் ரூமுக்குப் போய்ச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, லிஃப்டை மாடிக்குச் சமமாகக் கொண்டுவந்து, கதவைத் திறந்துவிடுகிறார். எல்லாரும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த மெக்கானிக்கை நான் "ஒரு தலைமுறைச் சினிமாவின் மனசாட்சி" என்று வர்ணித்தேன். மைக்கில். உணர்ச்சிவசப்பட்டு. அந்த மனசாட்சி பதினேழு இஞ்ச் கழுத்துச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு முன்னறையில் குறட்டை விட்ட மனசாட்சி என்று எனக்கு எப்படித் தெரியும்? அரசர் காலத்துப் படம் ஒன்றில் ராணி அரண்மனை லிஃப்டில் மாட்டிக்கொள்வதை "இயக்குநரின் துணிச்சல்" என்றேன். அப்போதே ம்யூட் மெதுவாகக் கேட்டான்.

"ராஜா காலத்துல ஏது கரண்ட்டு?"

"யானை இழுக்கும்" என்றேன். நீங்கள் சொன்னதுதான். அவனும் சரி என்று பதிவு செய்துவிட்டான்.

பாட்டையாவது விட்டு வைத்தீர்களா? நம் வீட்டில் ஒரு பழைய கேஸட் இருந்ததே, எட்டுப் பாட்டு உள்ள அந்தத் தொகுப்பு, அதில் மூன்றாவது பாட்டில் பல்லவி முடிந்ததும் "கடக்" என்று ஒரு சத்தம் வரும். "அது லிஃப்ட் கதவுடா. நெஜ லிஃப்டுக்குள்ள மைக்க வச்சுப் பதிவு பண்ணினாங்க" என்றீர்கள். அந்த ஒரு கடக்கைப் பற்றி மட்டும் நான் ஆறு நிமிடம் பேசியிருக்கிறேன். தனிமையின் தாளம் என்றேன். யாரோ ஒரு நல்ல மனிதர், எங்கள் வீட்டு கேஸட்டில் அந்தச் சத்தம் இல்லையே என்று எழுதினார். காதைச் சுத்தம் பண்ணிவிட்டுக் கேளுங்கள் என்று பதில் போட்டேன். அது நம் டேப் ரிக்கார்டரில் பல் உடைந்த சக்கரத்தின் சத்தம் என்று அப்பா திங்கட்கிழமை சொன்னார். அந்த மனிதரின் காதுக்கு யார் பதில் சொல்வது?

இதெல்லாம்கூடப் போகட்டும். மானம் போனால் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும், என் மானம் போய்ப் போய் வழி பழகியது. விஷயம் சல்லடை.

சல்லடை மூன்றாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சு. யார் எதைச் சொன்னாலும் அதில் ஓட்டை கண்டுபிடிப்பாள். கணக்கு மிஸ்ஸே விடையை எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்ப்பார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவள் அப்பா இறந்துபோனார். அதற்கப்புறம் அவள் ஓட்டை கண்டுபிடிப்பதையே நிறுத்திவிட்டாள். எதைச் சொன்னாலும் "சரி" என்றாள். இரண்டும் இரண்டும் ஐந்து என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன், "சரி" என்றாள். சித்தப்பா, சல்லடை "சரி" சொல்வது எவ்வளவு பயங்கரம் என்று உங்களுக்குத் தெரியாது. ஏழெட்டு மாதம் கெஞ்சி, அவளைப் பன்னிரண்டாவது நிகழ்ச்சிக்கு இழுத்து வந்தேன். அலமாரி முன்னால் வந்து உட்கார்ந்தவள், எங்கள் பழைய நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை இது:

"பாக்காம பேசறதுக்குப் பேரு விமர்சனம் இல்லடி. வதந்தி."

நான் சந்தோஷத்தில் கைதட்டினேன். ஒன்றரை வருடம் கழித்து முதல் ஓட்டை. இனிமேல் முதலில் நினைவிலிருந்து பேசுவது, அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து படத்தைப் பார்ப்பது, அப்புறம் திரும்ப மைக் முன்னால் உட்கார்ந்து யார் நினைவு யாரை ஏமாற்றியது என்று ஒத்துக்கொள்வது என்று அவள் புதுச் சட்டம் போட்டாள். படத்தையும் அவளே சொன்னாள். அந்த அண்ணன் தம்பி படம். அப்பாவோடு உட்கார்ந்து பார்த்ததாம்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இல்லாவிட்டால் வரவழைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் மர மில்லில் வேலை செய்து தம்பியைப் படிக்க வைக்கிறான். தம்பி பரீட்சை முடிவோடு ஓடி வருகிறான். மில் வாசலில் முதலாளி தலைகுனிந்து நிற்கிறார். "அண்ணன் மேல போயிட்டாம்ப்பா" என்கிறார். முதல் சிடி முடிந்தது. தட்டு நாக்கை நீட்டியது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த முதல் படம் அதுதான். நான் உங்களிடம் "எங்க மேல?" என்று கேட்டேன். நீங்கள் அந்தத் தட்டை விரலால் உள்ளே தள்ளினீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "லிஃப்ட்ல. எட்டாவது மாடிக்கு."

அந்த ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். அதற்கப்புறம் எந்தப் படத்தில் யார் மேலே போனாலும் லிஃப்டில்தான் போனார்கள், நடுவில் நின்றது, மெக்கானிக் வந்தார், கீழே வந்தார்கள்.

இப்போது போன வெள்ளிக்கிழமை மாலை எங்கள் அலமாரிக்குள் நடந்ததை அப்படியே தருகிறேன். பதிவு இருக்கிறது, ஒரு வார்த்தை கூட்டவில்லை. சல்லடை சொன்னாள்:

"அண்ணன் மில்லுல செத்துடுவான். தம்பி படிப்ப விட்டுட்டு அதே மில்லுக்கு வேலைக்கு வருவான். கடைசில அண்ணனோட சட்டையப் போட்டுக்கிட்டு நிப்பான்."

"சாகறானா? மேல போயிட்டான்னா லிஃப்ட்ல மேல போயிட்டான்னு அர்த்தம்."

"மர மில்லுக்கு எதுக்குடி எட்டு மாடி?"

"அதான் குறியீடுங்கறேன்."

"நான் ரெண்டு சிடியும் பாத்தேன்."

"தூங்கியிருப்ப."

"தூங்கல. எங்கப்பா அழுதாரு, எனக்கு ஞாபகம் இருக்கு. படம் முடிஞ்சதும் முழுக் கதையும் திருப்பிச் சொன்னாரு."

"அப்ப உங்கப்பா ஏதாவது கதை விட்டிருப்பாரு."

துணிகளுக்குள் பேசினால் எதிரொலி வராது என்று சொன்னேன் அல்லவா, அது உண்மைதான். நான் சொன்னது வந்த இடத்திலேயே நின்றது. சல்லடை ஹெட்போனைக் கழற்றி, என் மடித்த சீருடைமேல் மெதுவாக வைத்தாள். "சரி" என்றாள். போய்விட்டாள்.

அவள் தப்பு என்று நிரூபித்து, ஆதாரத்தோடு போய்ப் பெருந்தன்மையாக மன்னிப்பது என்று நான் திட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் ம்யூட்டும் முழுப் படத்தையும் பார்த்தோம். பரீட்சை முடிவு வந்தது, முதலாளி தலைகுனிந்தார், "மேல போயிட்டாம்ப்பா" வந்தது. "இப்பப் பாரு லிஃப்ட் வரும்" என்றேன். வெள்ளைத் துணி வந்தது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் லிஃப்டுக்காகக் காத்திருந்தேன். தம்பி அண்ணனுடைய சட்டையில், தோள் தொங்க, கை மடித்துவிட்டு நின்றான். படம் முடிந்தது. மணி மூன்றரை.

"படம் பூரா ஒரு மாடிப்படிகூட இல்ல" என்றான் ம்யூட். அந்த வாரம் அவன் வாயைத் திறந்ததே அதற்குத்தான்.

அடுத்தடுத்த படங்களின் இரண்டாம் பாதியை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். ராணி கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கிறாள். யானை இருக்கிறது, ஆனால் அது வேறு வேலையாக இருக்கிறது. வில்லன் இருமவே இல்லை, திருந்தவும் இல்லை, சுடப்படுகிறான். கணவனும் மனைவியும் சேரவே இல்லை, ஆளுக்கு ஒரு பேருந்தில் ஏறிப் போகிறார்கள். கப்பல் முழுகுகிறது, உள்ளே இருக்கிற லிஃப்ட் உட்பட, இருந்திருந்தால். இத்தனை வருடம் எனக்குள் சௌக்கியமாக இருந்த பதினோரு பேர் ஒரே நாளில் செத்தார்கள், சித்தப்பா, யார் யார் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். ஒருவருக்காக அழுது முடிப்பதற்குள் அடுத்தவர். ம்யூட் பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பரணில் ஏறினேன். அந்த அட்டைப்பெட்டி அங்கேதான் இருந்தது. நாற்பத்தோரு உறை, நாற்பத்தோரு சிடி, எல்லாவற்றின் நெற்றியிலும் "1". அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது சிடியெல்லாம் எங்கப்பா?"

"ரெண்டாவதா? அது வரவே இல்லியேம்மா. வாடகை சிடி கடைய மூடும்போது உங்க சித்தப்பன் இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்தான். ரெண்டாவது சிடி இருந்த பெட்டிய வேற யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஏன், உனக்குத் தெரியாதா?"

உனக்குத் தெரியாதாவாம். அம்மாவுக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும், எதிர்வீட்டுத் தையற்கார அக்காவுக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. சித்து வேலை பண்ணுகிற அப்பா என்பதால்தான் சித்தப்பா என்று பெயர் வைத்தார்களோ என்னவோ. நீங்கள் எனக்குக் கதை சொல்கிறீர்கள் என்று நினைத்தேன், கதை விட்டிருக்கிறீர்கள். உங்கள் இரண்டாம் பாதியால் எனக்கு எவ்வளவு பாதிப்பு என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் மிஸ் வந்து, "நம்ம வாட்ச்மேன் தாத்தா நேத்து மேல போயிட்டாரு" என்றார். "எத்தனாவது மாடி மிஸ்?" என்று கேட்டேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது, மிஸ் என்னை வெளியே நிற்க வைத்தார். அத்தோடு விட்டேனா? வாட்ச்மேன் தாத்தாவின் ஸ்டூலின்மேல் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு கிடந்தது. இல்லாமல் எப்படிப் படிப்பார் என்று அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடி வரைக்கும் ஏறினேன். விளையாட்டு சார் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டில் மட்டும் இருந்த "வாலு" என்கிற பெயர் அன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. செத்தவரை வைத்துக்கூடக் கிண்டல் பண்ணுகிறவள் என்று மிஸ்களெல்லாம் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக அதற்கப்புறம் நான் எத்தனை வால்தனம் பண்ணவேண்டியிருந்தது தெரியுமா? மிதிவண்டிக் காற்று, தலைமையாசிரியர் அறை மணி, வேதியியல் கூடத் தவளை. எல்லாம் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அன்றைக்கு நான் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகத்தான் கேட்டேன்.

இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் யாரைப் பார்த்தாலும் "எத்தனாவது மாடி?" என்கிறார்கள். ம்யூட் வழக்கம்போல எதையாவது அணைத்து வைத்திருப்பான் என்று நம்பினேன், அவன் சனிக்கிழமையே நிகழ்ச்சியை ஏற்றிவிட்டான். என் மேஜையில் யாரோ பேனாவால் இரண்டு பொத்தான் வரைந்திருக்கிறார்கள், ஒன்றில் மேல் அம்பு, ஒன்றில் கீழ் அம்பு. நன்றாகவே வரைந்திருக்கிறார்கள், அழிக்க மனம் வரவில்லை. சல்லடை முதல் பெஞ்சுக்கு மாறிவிட்டாள். திங்கட்கிழமை போய், "ஸாரிடி, நான் சொன்னது தப்பு" என்றேன். "சரி" என்றாள். செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்து "சரி" என்றாள். நேற்று "இரண்டும் இரண்டும் ஐந்து" என்றேன்.

"சரி."

கதை விட்டவர் நீங்கள். அந்த வாக்கியத்துக்குச் சரியான முகவரி உங்களுடையது, நான் அதைக் கொண்டுபோய் ஒரு செத்துப்போன மனிதர்மேல் போட்டுவிட்டேன். அவர் பாவம், இரண்டு சிடியும் வைத்திருந்து, மகளுக்கு முழுப் படத்தையும் போட்டுக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர். சொன்னது என் வாய்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாய்க்குள் அதைப் போட்டு வளர்த்தது யார்?

ஆகவே என் கோரிக்கைகள். வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நீங்கள் நேரில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என் அலமாரிக்குள் தலையை விட்டு, மைக் முன்னால் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "சல்லடையின் அப்பா கதை விடவில்லை. கதை விட்டது நான்." நாற்பத்தோரு படத்தின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் யார் நிஜமாகச் செத்தார்கள் என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பாப்பாவுக்கு எந்தப் படம் போட்டாலும் முழுசாகப் போட வேண்டும். இனிமேல் உங்கள் வாயால் யாருக்கும், எந்தக் காலத்திலும், எந்தக் கதைக்கும் முடிவு சொல்லக் கூடாது. இதில் எதற்கும் பேரம் கிடையாது.

சித்திக்கு என் அன்பு. பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்களுக்கு அனுப்ப வைத்திருந்த வணக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்கள் உடம்பு சனிக்கிழமை நான்கு மணி வரைக்கும் நன்றாக இருக்கட்டும், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பாதிப் படம் பார்த்து முழுதாக ஏமாந்த,
வாலு

பி.கு.: கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கவர் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் நாற்காலியில் சல்லடை. வரைபட நோட்டை வாங்கிப் போக வந்தவளை அம்மா என் அறையில் உட்கார வைத்திருக்கிறாள். கையில் என் கடிதத்தின் நான்காம் பக்கம், இன்னொரு கையில் என் சிவப்புப் பேனா. அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"பதினோரு பேர் இல்ல. பத்து. ராணிய ரெண்டு தடவ எண்ணியிருக்க."

நான் வாசலிலேயே நின்றேன்.

"அப்புறம், ஏழாவது தடவ போன்ல அவரு சிரிச்சாருன்னு சொல்ற. சிரிச்சது அவருதான்னு என்ன ஆதாரம்? பாப்பாவா இருந்தா?"

இந்தக் கடிதத்தில் சிவப்பில் இருப்பதெல்லாம் அவள் திருத்தம். மொத்தம் பதினான்கு இடம். நான் ஒன்றைக்கூட மறுக்கவில்லை, நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கங்களை அடுக்கி வைத்துவிட்டு, "சரி, எட்டாவது மாடில அந்த அண்ணன் என்னதான் பண்ணினான்?" என்று கேட்டாள். இந்த "சரி" வேறு சரி. நான் நீங்கள் சொன்னபடியே சொன்னேன், தலையணையோடு. நடுவில் நின்றால் கதவுக்கு எதிரே சுவர்தானே இருக்கும், காற்று எப்படி வரும், மெக்கானிக் சாவியை யாரிடம் வாங்கினார் என்று வழியெல்லாம் கேள்வி. கதவு திறந்து, சட்டையெல்லாம் மரத்தூளோடு அண்ணன் வெளியே வந்து, "ரிசல்ட் என்னடா ஆச்சு?" என்று தம்பியைக் கேட்கிற இடத்தில் மட்டும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், "அந்த இடத்த மட்டும் இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். மூன்று தடவை சொன்னேன்.

ஆகவே சித்தப்பா, மேலே எழுதியதெல்லாம் மேலேயே போகட்டும். கோரிக்கைகள் ரத்து. பட்டியல் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டியது நான், கேட்டுவிட்டேன். ஆனால் சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்தே ஆகவேண்டும், காரணம் வேறு. ஒரு படம் இருக்கிறதே, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு ஒரு பெண் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளே, ரயில் உள்ளே வந்து நிற்கும்போது முதல் சிடி முடியுமே. அன்றைக்கு நீங்கள் தொண்டையைச் செருமி ஆரம்பிக்கும்போது ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோய்விட்டது என்று கூப்பிட்டார்கள், எழுந்து ஓடினீர்கள். அதற்கு அடுத்த மாதமே உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதை நீங்கள் முடிக்கவே இல்லை. சல்லடை அதை அவள் அப்பாவோடு இரண்டு சிடியும் பார்த்திருக்கிறாளாம். ரயிலிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று அரை மணி நேரமாகக் கெஞ்சுகிறேன்.

"சொல்ல மாட்டேன். மொதல்ல உங்க சித்தப்பா சொல்லட்டும்."

ம்யூட் இப்போதே வந்து மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த ரயில் ஏழு வருஷமா பிளாட்பாரத்துலயே நிக்குது சித்தப்பா. வந்து கதவத் தொறங்க.